184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

கேள்வி: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான்வழியில் 200 கி.மீ. கூட இல்லை. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: திருச்சிக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 184 கி.மீ., அதாவது 99 கடல் மைல். வகுத்துப் பார்த்தால் 22 நிமிடம்தான். ஆனால், டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. திருச்சியில் நிறுத்துமிடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து பலாலியில் வந்து நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்குப் போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, இறங்கியபின் முனையத்துக்கு வருவது என்று தரையிலேயே 10 முதல் 15 நிமிடம் போய்விடும்.

அந்த 500 கி.மீ. வேகமும் உயரத்தில் சமமாகப் பறக்கும்போது கிடைப்பது. 2025 மார்ச் இறுதியில் இந்தத் தடத்தில் சேவை தொடங்கியது ஏடிஆர்-72 என்ற புரொப்பல்லர் விமானத்தில். அது 15,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரம் ஆகும். அதற்குள் 45 கடல் மைல் கடந்திருக்கும். இறங்குவதற்கு 1,000 அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் கணக்கு. ஆக, இன்னொரு 45. மொத்தம் 99-இல் 90 போய்விட்டது! முழு வேகத்தில் ஓட இடமே இல்லை.

காற்றின் திசையும் முக்கியம். விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருச்சியில் மேற்கு நோக்கிக் கிளம்பி, பிறகு கிழக்கே திரும்ப வேண்டியிருக்கும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக இருப்பதால், அங்கும் கடல் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து இறங்க வேண்டும். வடகிழக்குக் காற்றில் இந்த இரண்டு சுற்றும் தேவைப்படாது. குறுகிய தடங்களில் வழியில் வீசும் காற்றைவிட இந்தச் சுற்றுகள்தான் அதிக நிமிடங்களை விழுங்கும்.

கேள்வி: மற்ற ஊர்களுக்கு நாமே கணக்குப் போட முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. இரு நிலையங்களின் அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆல் பெருக்குங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தை, நம் பகுதிக்கு, 109-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் தூரம். திருச்சி 10.77, 78.71, பலாலி 9.79, 80.07. வித்தியாசம் 0.98, 1.36. பெருக்கினால் 109, 148, விடை 184.

நேரத்துக்கு, தூரத்தை வேகத்தால் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். ஏடிஆருக்கு 500, ஜெட்டுக்கு 800 என்று வைத்துக்கொள்ளலாம். சென்னை–மதுரை 417 கி.மீ.; ஏடிஆரில் ஏறக்குறைய 1 மணி 25 நிமிடம், ஜெட்டில் 1 மணி 5 நிமிடத்துக்குச் சற்று மேல். சாலைத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். 2006 ஏப்ரல் முதல் இலங்கையிலும் நம் நேரமே. ஆனால், திருச்சி–சென்னையைவிடக் குறைந்த தூரம் என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பலாலியிலிருந்து யாழ் நகருக்கு ஏறக்குறைய 16 கி.மீ.; அதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.