ஷாட்கன் தோட்டாவை மறுபடி நிரப்பும்போது கையேட்டில் உள்ள வேட் கிடைக்காவிட்டால் வேறு போடலாமா?

டெல்லி துக்ளகாபாத்தில் டிராப் (பறக்கும் மண் தட்டைச் சுடும் ஷாட்கன் போட்டி) பயிற்சி எடுக்கிறீர்கள், மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறீர்கள், அங்கே காலிக் கூடுகளை நீங்களே நிரப்பிச் செலவைக் குறைக்கப் பார்க்கிறீர்கள். கையேட்டுப் பட்டியலில் உள்ள வேட், அதாவது வெடிமருந்துக்கும் ரவைக் குண்டுகளுக்கும் நடுவே நிற்கும் அடைப்பு, கிடைக்காவிட்டால் அதே அளவில் வேறொன்றைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக் கூடாது.

அதற்கு முன் சட்டம். துக்ளகாபாத் கர்ணி சிங் மைதானத்தில் பொறுக்கிய கூடுகளை மயூர் விஹார் பால்கனியில் வைத்து ஒத்திகை பார்க்கும் ஆசை இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அமெரிக்காவிலும் மாணவர் விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் தோட்டா வைத்திருக்கக் கூடாது. அந்த விலக்கைப் பெற்றுக்கொண்டு தோட்டா நிரப்பும் இயந்திரம் வாங்குங்கள்.

நான் இந்த வேலையைக் கற்றது ஒஹாயோவில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு கிளப்பில். ரைஃபிள்காரர்கள் உங்களிடம், "மருந்தைக் குறைவாகப் போட்டுத் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று" என்பார்கள். ரைஃபிளுக்கு அது சரி. ஷாட்கன்னுக்குப் பொருந்தாது. .308 ரைஃபிள் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு அழுத்தம் வரை தாங்கும். 12 போர் (குழல் அளவு) ஷாட்கன்னுக்கு உச்சவரம்பு 11,500தான். குழலும் அதற்கேற்ற மெல்லிசு. பித்தளைக் கூட்டில் தெரியும் எச்சரிக்கைத் தடயங்களைப் பிளாஸ்டிக் கூட்டில் நம்ப முடியாது. வரம்பைத் தாண்டியதைக் கையால் உணரவும் முடியாது.

அதனால்தான் பட்டியலின் ஒவ்வொரு வரியும் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, வேட், ரவையின் எடை ஐந்தும் சேர்ந்த ஒரே சேர்மானம். பவுடர் கம்பெனி அந்த ஐந்தையும் சேர்த்துத்தான் அழுத்தத்தை அளந்திருக்கிறது. ஃபெடரல் 209ஏ பிரைமர் வேறு பலவற்றைவிடச் சூடானது. அதை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் எகிறும். சில கூடுகள் உட்புறம் அடியை நோக்கிக் குறுகும், சில நேராக இறங்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஈய ரவைக்கான அளவில் எஃகு ரவையைப் போடுவது பைத்தியக்காரத்தனம். நம் வீட்டுக் கைப்பக்குவத்துக்கு இங்கே இடமே இல்லை.

மருந்தைக் குறைத்தால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். அழுத்தம் போதாவிட்டால் மருந்து சரியாக எரியாது, குளிர்காலத்தில் இன்னும் மோசம். 'டப்' என்பதற்குப் பதில் 'புஸ்' என்று கேட்கும்; தோளில் உதைப்பு இருக்காது. அந்த நொடியில் நிறுத்துங்கள். துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் குழலுக்குள் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தால் வேட் உள்ளே சிக்கியிருக்கிறது. அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும், குழலின் அடிக்கட்டையைப் பிடித்திருக்கும் இடது கை அங்கேதான் இருக்கிறது. வரிசையில் மற்றவர்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

இயந்திரத்தில் மருந்தை அளந்து விடும் புஷிங்குக்கான அட்டவணையையும் அப்படியே நம்பாதீர்கள். இயந்திரம் செய்யும் எம்.இ.சி. கம்பெனியின் அட்டவணை சொல்வதைவிட மருந்து குறைவாக விழுவது சகஜம். கிரெய்ன் தராசில் நிறுத்துப் பாருங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். மிச்சத்தை அதன் சொந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டுங்கள். பெயரில்லாத டப்பாவில் இருப்பது எவ்வளவு விலையானாலும் குப்பைதான். 12 போரைவிடச் சிறிய 20 போர் கூடு மஞ்சள் நிறம். அது 12 போர்க் குழலில் நழுவி இறங்கி உள்ளே சிக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ஈயத்தைத் தொட்ட கையால் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வழி எளிது. பவுடர் கம்பெனிகள் தங்கள் பட்டியல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. கடையில் கிடைக்கும் வேட் எது என்று பார்த்து, அந்த வேட் உள்ள வரியைத் தேடுங்கள். பிரைமரையும் மருந்தையும் அதற்குப் பிறகு வாங்குங்கள்.