முழங்கால் மாற்று ஆபரேஷன்: ரத்தம் பற்றி நீங்கள் கேட்டவை

அம்மாவுக்கு 66 வயது. அடுத்த மாதம் ஆபரேஷன். ஹீமோகுளோபின் 9.8. ‘ரெண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் பார்த்து வையுங்க’ என்கிறார்கள். அவ்வளவு ரத்தம் போகுமா டாக்டர்?
– வாசகர், அம்மாபேட்டை

ஆள் தேடும் முன் அந்த 9.8-ஐக் கவனியுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மூட்டு மாற்று ஆபரேஷனில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் பாட்டிலில் சேரும் ரத்தம் கொஞ்சம்தான். எலும்பை வெட்டிய இடத்திலிருந்து தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் கசிவது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்த இரண்டு, மூன்று நாள் கழித்து ஹீமோகுளோபின் இன்னும் இறங்குகிறது. இரண்டு, மூன்று புள்ளி குறைவது சாதாரணம். 13-ல் இருப்பவர் 10-க்கு வந்தால் எழுந்து நடந்துவிடுவார். 9.8-ல் இருப்பவர் 7-க்கு வந்தால் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும். ஏற்றும் ரத்தம் உயிர் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் தேவையில்லாமல் ஏற்றினால் ஒவ்வாமை, கிருமித் தொற்று போன்ற ஆபத்துகளும் கூடவே வரும்.

முழங்கால் மாற்று அவசர ஆபரேஷன் அல்ல. ஒரு மாதம் தள்ளி வைக்கலாமா என்று கேளுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பு), வைட்டமின் பி12, கிரியாட்டினின் (கிட்னியின் நிலை) பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, மூட்டு வலிக்காக மெடிக்கலில் தானே வாங்கி வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டாரா? அது வயிற்றில் புண் உண்டாக்கலாம். இந்த வயதில் இரும்புச்சத்து குறைந்தால், வயிற்றுப் புண்ணிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரும்புக் குறைவுதான் என்று உறுதியாகி, நாளும் குறைவாக இருந்தால், இரும்புச்சத்தை நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றலாம். அது மாத்திரையைவிட வேகமாகப் பலன் தரும்.

இரும்புச்சத்து மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன், ரத்தம் ஏறவே இல்லை. காலையில் காப்பியோடு போடுகிறேன்.
– வாசகி, ஏற்காடு

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா. காப்பி விளையும் மலையில் இருப்பவரிடம் காப்பியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காப்பி, டீ இரண்டிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் குடல் உறிஞ்ச விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துக் காப்பி. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது. கால்சியம் மாத்திரையும் அசிடிட்டி மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இப்படிச் செய்தும் ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டைச் சுமப்பவரா என்ற பரிசோதனையும் தேவைப்படலாம்.

இதய ரத்தக் குழாயில் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் வைத்திருக்கிறேன். ரத்தம் கட்டாமல் இருக்கத் தந்த ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தட்டுமா?
– வாசகர், ஆத்தூர்

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஆஸ்பிரினைப் பல நேரம் தொடரவே சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால் ஆபரேஷனைத்தான் தள்ளிவைக்க வேண்டும். இதய டாக்டர் எழுத்தில் தருவதுதான் கணக்கு. சித்த மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப்போக்கை நிறுத்த ஊசி போடுவார்களாம். ரத்தம் கட்டி மாரடைப்பு வராதா?
– வாசகர், சூரமங்கலம்

அது டிரானெக்ஸாமிக் ஆசிட். 1962-ல் ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி உலகுக்குச் சொன்ன பழைய மருந்து. அதிக மாதவிடாய்ப் போக்குக்கு மாத்திரையாகப் பல பெண்கள் போட்டிருப்பார்கள். இது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை. காயத்தில் உடம்பே போட்ட உறைகட்டியை உடம்பே கரைக்கவும் ஆரம்பிக்கும். உடைப்பை அடைத்த மண்ணை வாய்க்கால் தண்ணீர் மறுபடி அரிப்பதைப் போல. அந்த அரிப்பைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. கத்தி வைக்கும் முன் சுமார் 1 கிராம் நரம்பில் போடுவார்கள். சிலர் மூட்டுக்குள்ளேயும் விடுவார்கள். மூட்டு மாற்றில் ரத்தம் ஏற்றும் தேவையை இந்த அளவுக்குக் குறைத்த வேறு மருந்து இல்லை என்பேன்.

உங்கள் பயம் நியாயமானதுதான். விபத்தில் அடிபட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த கிராஷ்-2 ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அதில் மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லை. இருந்தாலும் அண்மையில் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிட்னி பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் இறுக்கமாகப் பட்டை கட்டிச் செய்தால் ரத்தமே போகாதாமே?
– வாசகர், ஓமலூர்

ஆபரேஷன் நேரத்தில் போகாது. பட்டையை அவிழ்த்த பிறகு கசியும். பட்டையால் மொத்த இழப்பு பெரிதாகக் குறைவதில்லை, தொடை வலியும் சேரும். அதை உங்கள் சர்ஜன் முடிவுக்கு விடுங்கள்.

ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள். அப்பாவின் கெண்டைக்கால் வரை கருநீலமாகிவிட்டது. ஏற்காட்டுக்குக் காரில் கூட்டிப் போகலாமா?
– வாசகி, ஏற்காடு

உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதால் வரும் நிறம் அது. பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு, மூன்று வாரத்தில் மறையும். துணி சுற்றிய ஐஸ் வையுங்கள், படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தாலோ, கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் செய்த டாக்டர் சரி என்றால் காரில் போகலாம். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டச் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடியும் வரை பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கட்டும். ரத்தக்கட்டி வராமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை, கருநீலத்தைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.