எலி அட்டையில் ஒட்டிய புலுனி

கேள்வி: கொட்டிலில் விதை வெங்காயம் பிடி கட்டித் தூக்கியிருக்கிறேன். பக்கத்தில் கோழிக்கூடு. எலிக்கு வைத்த பசை அட்டையில் காலையில் ஒரு புலுனிக் குருவி ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன், இறகுதான் கையோடு வந்தது. மண்ணெண்ணெய் பூசலாமா?
– நீர்வேலியிலிருந்து ஒரு கமக்காரர்

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் தம்பி. பெற்றோல், தின்னரும் கூடாது. தோலை எரிக்கும், இறகைக் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

முதலில் தலையை மெல்லிய துணியால் மூடுங்கள். இருட்டானால் குருவி அடங்கும். வெறும் பசையில் அரிசிமாவைத் தூவினால் மற்றச் செட்டை ஒட்டாது. மிச்ச அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி விடுங்கள், இறகை வெட்டாதீர்கள். பிறகு காதுக்குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, இறகும் பசையும் சேரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிப் பொறுத்திருங்கள். பசை இளகி வழுக்கும்போது ஒவ்வொரு இறகாக, ஒவ்வொரு விரலாக எடுக்கலாம். கண்ணிலும் மூக்கிலும் எண்ணெய் படக் கூடாது.

உடனே பறக்க விடுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். எண்ணெய் பட்ட இறகு சூட்டைப் பிடிக்காது, பறக்கவும் விடாது. காகமோ பூனையோ கொண்டுபோய்விடும். காற்றோட்டத் துளையிட்ட காட்போட் பெட்டியில் ஆறவிட்டு, கோப்பை கழுவும் திரவம் சில துளி விட்ட இளஞ்சூட்டு நீரில் கழுவி, நுரை போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு விடுங்கள். சொண்டைத் திறந்து தண்ணீர் பருக்க வேண்டாம். செட்டை தொங்கினாலோ தோல் கிழிந்திருந்தாலோ கழுவாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

புலுனி பெரும்பாலும் எலிக்கு வைத்த இரைக்கு வருவதில்லை. அட்டையில் ஒட்டித் துடிக்கும் கரப்பானையும் பூச்சியையும் கண்டுதான் இறங்கும். ஆகவே திறந்த கொட்டிலில் இந்த அட்டையை எந்த மூலையில் வைத்தாலும் பறவை சிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

கோழித்தீனை மூடியுள்ள பரலில் போடுங்கள். இரவில் கூட்டில் மிச்சத்தீன் கிடக்கக் கூடாது. கூட்டுக்குக் கால் அங்குலக் கண் வலை அடியுங்கள். கொட்டில் தூண்களில் இடுப்புக்கு மேலே வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் எலிக்கு ஏறப் பிடிப்பில்லை. அடிக்கும் பொறி வைப்பதானால், எலி நுழையுமளவு துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். நஞ்சு வைத்தால் அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும். சகுனம் சரியில்லை என்று கூகைக்குக் கல்லெறிபவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், சந்தோசம் எலிக்குத்தான்.

மிச்சமிருக்கும் அட்டைகளை வேலியோரம் எறியாதீர்கள், அங்கும் ஓணான் ஒட்டும். பசைப் பக்கம் உள்ளே வர மடித்து, கடதாசி சுற்றிக் குப்பையோடு அனுப்புங்கள்.