கம்பளியை எந்தச் சுவரில் மாட்டுவது?

டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பழைய தோட்டத்து பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறோம். வரவேற்பறையில் மாத்தளையில் வாங்கிய பெரிய பத்திக் துணி, அப்பாயியின் கூறைச்சேலை, அவர் மழையில் கொழுந்து பறிக்கப் போர்த்திய கம்பளி, மூன்றையும் மாட்ட ஆசை. வீட்டோடு வந்த நீண்ட கை வைத்த சாய்வுக் கதிரையிலும் பலா அலுமாரியிலும் வெள்ளை பூத்திருக்கிறது. தச்சு பாஸ் எல்லாவற்றையும் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார். செய்யலாமா?”

பாஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் சுவரைப் பார்ப்போம்.

உங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைச் சுவரிலேயே கொண்டுவந்து அடிக்கும். கருங்கல் வெளிச்சுவர் பகலிலும் சில்லென்றுதான் இருக்கும். அறையின் ஈரக்காற்று அதில் பட்டதும் சுவர் வியர்க்கும். சட்டத்துக்குப் பின்னால் காற்றோட்டமும் கிடையாது. அதனால் பூஞ்சணம் துணியின் முதுகில்தான் முதலில் பிடிக்கும், முன்னால் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரில் மட்டும் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று அறையில் இருக்கட்டும். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் உலர்த்தும் இயந்திரம் தேவை.

கணப்புக்கு மேலே பத்திக் மாட்டத்தான் எல்லோருக்கும் ஆசை வருகிறது. வேண்டாம். புகைக்கரி நூலுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். அருங்காட்சியகங்களில் பழந்துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் விடுவார்கள். வெளுத்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. இலங்கைப் பத்திக்கின் முன்னோடி ஏனா டி சில்வா, மாத்தளைக்குப் பக்கத்து அலுவிஹாரையில் வளர்த்தெடுத்த கலை அது, அடர்நிறம்தான் அதன் உயிர். பத்திக்கின் மேல் விளிம்பு முழுவதும் அகலமான பருத்திப் பட்டையைத் தைத்து, அதற்குள் மரக்கோலைச் செருகித் தொங்கவிடுங்கள். ஆணி, கிளிப் எல்லாம் துணியை அந்தந்த இடத்தில் இழுத்துக் கிழிக்கும்.

கூறைச்சேலையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். முந்தானை மட்டும் தெரிய, மிச்சத்தைத் துவைத்த பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டி வைக்கலாம். பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் இற்றுப்போகும். கண்ணாடி போட்டால் அது துணியைத் தொடக்கூடாது. பசை தொடவே கூடாது, தையல் மட்டும். சில மாதங்கள் மாட்டினால் போதும், அப்புறம் இருட்டில் ஓய்வு கொடுங்கள்.

கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சி. பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் துணி நனைந்துவிடும். துவைக்க வேண்டாம். தேயிலைக்கறை இருந்தால் இருக்கட்டும், அதுதானே அப்பாயியின் கம்பளி! துரை உட்கார்ந்த கதிரைக்கு எதிர்ச்சுவரில் அது தொங்குவதுதான் இந்த அறைக்கே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இனி கதிரை. வெள்ளை பூத்தது பெரும்பாலும் மரத்தில் இல்லை, பழைய அரக்குப் பொலிஷில் ஈரம் புகுந்ததால். கைப்பிடியின் அடியில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பழுப்பு நிறம் ஏறினால் அரக்குதான். அப்படியானால் மென்மையான துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாமலும் நனைத்து, வெள்ளையின் மேல் ஒரே இழுப்பாக இழுங்கள். நிறுத்தித் தேய்த்தால் பொலிஷே கரைந்து வந்துவிடும். கணப்பு எரியும்போது இந்த வேலை கூடாது. பிரம்பு தொய்ந்திருந்தால், அறுபடாத வரை, அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் ஒற்றி இரவு முழுக்கக் காயவிடுங்கள், தானாக இறுகும்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். பாஸுக்கு வேலை இல்லாமல் இல்லை: ஆடும் மூட்டுகளை இறுக்கவும், கறையான் தின்ற காலை மாற்றவும் அவர்தான் வேண்டும். உப்புத்தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.