கொழும்பில் நாடகம் படிக்க வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் வேலை மாற்றத்தால் தஞ்சாவூரிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்திருக்கும் நீங்கள், ஊரில் வீதி நாடகங்களில் நடித்த பழக்கத்தை விட மனமில்லாமல், கொழும்பில் தமிழில் நாடகம் படிக்க வழி உண்டா, நடிப்போடு மேடைத் தயாரிப்பையும் கற்க முடியுமா, நம் ஊர்ப் பேச்சை இங்குள்ள மேடையில் ஏற்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்து, நெடுங்காலமாக மேடை முகாமை (மேடை நிர்வாகம்) பணியில் இருப்பவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தர வகுப்பிலேயே (நம் ஊர் மேல்நிலை வகுப்பு போன்றது) தமிழில் கற்பிக்கப்படும் பாடம். ஆனால் அதைத் தமிழில் பட்டப்படிப்பாகத் தொடர வேண்டுமானால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோதான் போக வேண்டும். கொழும்பு 7இல் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் நாடகம் உண்டு என்றாலும் கற்பித்தல் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் இளமாணி (இளங்கலை) அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருப்பதால், உங்கள் இந்தியச் சான்றிதழ்களுக்கு என்ன வழி என்பதை அங்கேயே நேரில் கேட்டறிவது நல்லது.

பட்டம் கிடைக்காவிட்டால் படிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்காக நாடக டிப்ளோமா ஒன்றை நடத்தியது. அதில் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணம் திரும்பி 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அரங்க விளையாட்டு, குரல், உடல், ஒப்பனை, காட்சியமைப்பு, நெறியாள்கை (இயக்கம்) எல்லாவற்றையும் ஒரே மாணவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பயிற்சி முறை இங்குள்ள தமிழ் அரங்கில் வேரூன்றியதற்கு அந்தத் தலைமுறையே காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இங்கே நடிக்க வருபவரிடம் ஆணியடிக்கத் தெரியுமா, உடை தைக்கத் தெரியுமா என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி உங்கள் பேச்சைப் பற்றி. நீங்கள் வாயைத் திறந்த மறுகணமே இந்தியத் தமிழ் என்று அவைக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தாயாகவோ, மலையகத் தொழிலாளியாகவோ, மட்டக்களப்பு ஆச்சியாகவோ வரும் பாத்திரங்களை உங்களுக்குத் தர நெறியாளர் தயங்குவது நியாயமானதே. வட்டார வழக்கின் நுண்மைக்கு இந்த மேடை கொடுக்கும் மதிப்பு அது. காது பழகும் வரை, பாட்டும் செய்யுளுமாக அமைந்த கூத்து மரபு நாடகங்கள் உங்களுக்கு இடம் தரும்; அங்கே தாளமும் உடலுமே முதலில் பார்க்கப்படும்.

ஆகவே கொழும்பில் உங்களுக்கு முதலில் திறக்கும் கதவு மேடைத் தயாரிப்பு என்றே சொல்வேன். நடிக்க ஆசைப்படுபவர்கள் எத்தனையோ பேர்; ஒத்திகை தொடங்கிய நாள்முதல் கடைசிக் காட்சி வரை பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஆயத்தமானவர்கள் மிகச் சிலரே. மேடை முகாமையாளரின் பிரதியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இடப்பக்கத்தில் வசனம் ஒட்டப்பட்டிருக்கும். வலப்பக்கத்தில் யார் எந்தப் பக்கத் திரையிலிருந்து வருகிறார், எந்தச் சொல்லில் ஒளி மாறுகிறது, எந்த அடியில் மத்தளம் தொடங்குகிறது என்பதெல்லாம் பென்சிலில் எழுதப்பட்டிருக்கும். பேனாவால் எழுதக் கூடாது, ஏனெனில் இறுதி ஒத்திகையில் பாதியை அழிக்க நேரும். ஒத்திகைத் தரையில் நிறநிறமான ஒட்டுநாடாவால் காட்சியமைப்பின் எல்லையை அளந்து ஒட்டுவதும், இருள் சூழும் நேரத்தில் நடிகர் தடுக்கி விழாதபடி படி விளிம்பில் ஒளிரும் நாடாத் துண்டுகளைப் பதிப்பதும் சிறு வேலைகள்தாம். ஆனால் நடிப்பு எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் உயிர்பெறுகிறது என்பதை அவைதான் எனக்குக் கற்றுத் தந்தன.

இன்னொன்று, நடிப்பு மேடை மொழிவாரியாகப் பிரிந்திருக்கும் இந்த நகரத்தில் பின்மேடை அப்படிப் பிரிந்திருப்பதில்லை. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபமானாலும், லயனல் வென்ட் அரங்கானாலும், ஒளியமைப்பாளரும் தச்சரும் பெரும்பாலும் சிங்களவர்களாகவே இருப்பார்கள். சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் லயனல் வென்டில் மேடையேறியபோது அதற்கு அடித்தளமாக இருந்த ‘நாடகம’ என்ற சிங்கள இசைநாடக மரபு, தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அடுத்த பத்தாண்டில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். ‘இராவணேசன்’ அப்படிப் பிறந்ததுதான். அதில் நடித்த சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலை அறிந்துகொண்டு சிங்கள நாடகங்களையும் போய்ப் பாருங்கள். மொழி புரியாத நாளிலும் ஒளியையும் நடிகரின் நகர்வையும் படிக்க முடியும்.

தமிழ் நாடகத்தை மட்டும் நம்பி இங்கே யாரும் சம்பாதிப்பதில்லை என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வேலை முடிந்தே ஒத்திகைக்கு வருவார்கள். வீடு திரும்ப இரவாகும். இதை உங்கள் கணவரிடம் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எழுதி முடிந்ததும் நினைத்த நாளில் மேடையேற்றிவிட முடியாது. அரசின் அனுமதிச் சபைக்கு முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும், அந்த அலைச்சலும் தயாரிப்பு வேலையே.

உங்கள் வீட்டுக்கு அருகே 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு முதலில் போய், நாடகக்காரர்கள் யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று விசாரியுங்கள். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் தயாரிக்கும் பாடசாலை ஆசிரியர் எவரையாவது கண்டால், உதவிக்கு வருகிறேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் போதாது. அதற்குள் சிங்களத்தில் எண்களையும், இடம் வலம், ஏற்று, இறக்கு, நிறுத்து போன்ற ஏவற்சொற்களையும் பழகிவிடுங்கள். ஒளியறையில் உட்கார அனுமதி கிடைக்கும் முதல் நாளிலேயே அவை தேவைப்படும்.