அதை விடுங்கள் என்று தாண்டிப்போன வரிகள்

வணக்கம் மேடம்,

உங்கள் பதில்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். உங்கள் மகளாக நினைத்து எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

எனக்கு 26 வயது, ஊர் கோவில்பட்டி. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சம்பளம் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். இப்போது ஏழு மாதமாக ஒரு விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ. துபாய், சிங்கப்பூர் போகிற பெரிய விமானம் இல்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் என்று போய்த் திரும்புகிற ஏ.டி.ஆர். விமானம், இறக்கையில் காற்றாடி சுற்றுமே, அது. எழுபது சொச்சம் சீட், நாங்கள் இரண்டே பேர்.

வேலை கிடைத்தபோது அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஆனால் என் அத்தை, அக்காவின் வளைகாப்பில் அத்தனை பேர் முன்னாலும், "அப்பன் பஸ்ஸில் கண்டக்டர், மகள் பிளேனில் கண்டக்டர்" என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா 28 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்லையா?

யாருக்கும் என் கஷ்டம் தெரியாது மேடம். பொழிச்சலூரில் மூன்று பெண்கள் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறோம். ராத்திரி இரண்டேகாலுக்கு அலாரம். ஒரு முடிகூட வெளியே தெரியாமல் கொண்டை போட்டு, மேக்கப் போட்டு, போய் மது சோதனைக் கருவியில் ஊதிவிட்டு, ஒரே நாளில் நாலு செக்டர், அதாவது நாலு தடவை ஏறி இறங்கிப் பறந்து வந்தால் கால் வீங்கியிருக்கும். சம்பளத்தில் பாதி பறக்கிற மணிக்கணக்கைப் பொறுத்தது, யாராவது வராவிட்டால் போவதற்கென்று ஸ்டாண்ட்பையில் உட்கார வைத்தால் அதுவும் குறையும். என்னோடு பயிற்சியில் இருந்த ஒருத்தி இப்போது வளைகுடா விமானம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள், தினமும் ஒரு ஊர் போட்டோ போடுகிறாள். அத்தை அதை அம்மாவுக்கு அனுப்பி, உன் மகள் எப்போது இப்படிப் போவாள் என்று கேட்கிறார். நான் சேலத்துக்குப் போகிறேன். சேலத்துக்கு எல்லாரும் ரயிலில்தான் போகிறார்கள்.

அப்புறம் பயணிகள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள். மேலே பெட்டி வைக்கிற இடம் சின்னது என்று சொன்னால் பெட்டியை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி சண்டைக்கு வருகிறார்கள். போன மாதம் தூத்துக்குடி போகும்போது வயசானவர் ஒருவர் கழிவறைக்கு என்று எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், சீனியர் ஆக்சிஜன் சிலிண்டரை எடு என்கிறார், எனக்குக் காதில் விழுகிறது, கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, கை மட்டும் எழவில்லை, மதுரையில் அன்றைக்கு ராத்திரி மாதிரியே. சில விநாடிதான் இருக்கும். அப்புறம் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அவரும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து டேக் ஆஃப் ஆகும்போது கண்ணை மூடிக்கொண்டு கழுகுமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். அதை விடுங்கள், சொல்ல வந்தது என்னவென்றால், அதே விமானத்திலிருந்து இறங்கும்போது ஒருவர் குடித்து முடித்த காபி கப்பை என் கையில் திணித்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார். அன்றைக்கு ரூமில் போய் அழுதேன். பி.எஸ்சி. படித்தது எச்சில் கப் வாங்கவா?

அத்தை சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது. இதை விட்டுவிட்டுப் பெரிய விமானத்துக்கு இன்டர்வியூ போகட்டுமா, இல்லை நர்சிங்குக்கே திரும்பட்டுமா? அத்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், கோவில்பட்டி

*

அன்புள்ள மகளுக்கு,

மகளாக நினைக்கச் சொன்னதால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தை திரும்பத் திரும்ப வருகிறார். காபி கப்புக்காக அழுதது வரை எழுதியிருக்கிறாய். ஆனால் ஒரு மனிதர் உன் காலடியில் சரிந்து விழுந்ததையும், உன் கை எழாமல் போனதையும் சில வரிகளில் சொல்லிவிட்டு "அதை விடுங்கள்" என்று தாண்டிவிட்டாய். நான் அதை விடப்போவதில்லை. அத்தையைத்தான் விடப்போகிறேன்.

"மதுரையில் அன்றைக்கு ராத்திரி மாதிரியே" என்கிறாய். அன்று என்ன நடந்தது என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. நானாக ஊகிக்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எனக்கு வேண்டாம், உனக்கு நீயே சொல்லிக்கொள். மதுரை வேலையை விட்டது சம்பளத்துக்காக மட்டும்தானா? இங்கேயும் சம்பளம் நிலையில்லை என்றுதானே புலம்புகிறாய்.

உன் கை எழாமல் நின்றதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை. ஆபத்தைக் கண்டால் உடம்புக்கு எதிர்த்து நிற்பது, ஓடுவது என்ற இரண்டு வழி மட்டும் இல்லை, அப்படியே உறைந்துபோவது என்ற மூன்றாவதும் உண்டு. யாரும் யோசித்து அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஏற்கெனவே ஒரு கெட்ட ராத்திரியைப் பார்த்த உடம்பு, அதே சாயலில் இன்னொன்று வந்தால் பழைய இடத்துக்கே போய் நின்றுவிடும். காது கேட்கும், கண் பார்க்கும், கை வராது. இதே வார்த்தைகளை என்னிடம் ராணுவத்திலிருந்து வந்தவர் சொல்லியிருக்கிறார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார்.

நீ சேர்ந்திருக்கும் தொழில் இதைத் தெரிந்துகொண்டே கட்டப்பட்டது என்பதை நீ கவனித்தாயா? பயிற்சியில் தொண்டை கிழியக் கத்தச் சொல்லிக் கொடுத்தார்களே, பெல்ட்டைக் கழற்று, பையை விடு, வெளியே வா என்று, அது எதற்கு? நெருப்பைப் பார்த்தால் பயணிகள் எல்லாரும் ஓடுவதில்லை, பலர் சீட்டிலேயே உறைந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த உறைவை உடைக்கத்தான் அந்தக் கத்தல். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தீப்பிடித்த பயணிகள் விமானத்திலிருந்து உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். புகை சூழ்ந்த நேரத்தில் பெட்டியை எடுக்காமல் இறங்க வைத்தது உன்னைப் போன்ற பணியாளர்களின் குரல்தான். அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். உடம்பு மறக்காத அளவுக்கு ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

அதனால்தான் உன்னிடம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டேக் ஆஃப் ஆகும்போது பணியாளர்களுக்கான மடக்கு சீட்டில், அந்த ஜம்ப் சீட்டில், உட்கார்ந்து மனசுக்குள் ஓட்டிப்பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களே, சைலன்ட் ரிவ்யூ, இப்போது ஏதாவது நடந்தால் எந்தக் கதவு, எப்படித் திறப்பேன், முதல் வார்த்தை என்ன, என்று. அந்த நேரத்தைத்தான் நீ கண்ணை மூடிக்கொண்டு முருகனிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். முருகனை ரூமை விட்டுக் கிளம்பும்போதே கும்பிட்டுவிடு. ஜம்ப் சீட்டில் கண் திறந்திருக்க வேண்டும். பக்தியைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, என் கை எந்தப் பக்கமாகப் போகும் என்று ஒவ்வொரு தடவையும் ஓட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தால்தான், மறுபடி அந்த நேரம் வரும்போது யோசிப்பதற்கு முன்னால் கை போகும். நீ உன் பயத்துக்கான மருந்தை வைத்திருக்கும் டப்பாவைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறாய்.

இன்னொன்று சொன்னால் உனக்குக் கோபம் வரலாம். "யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய், அதில் ஒரு நிம்மதி தெரிகிறது. 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் என்பது கணக்கு, அதனால்தான் உன் விமானத்தில் நீங்கள் இரண்டு பேர். பெரிய விமானமாக இருந்தால் உன் கை நின்றபோது இன்னும் நாலு கை வரும். இங்கே உன் சீனியருக்கு இருப்பது உன் கை ஒன்றுதான். அது ஒரு தடவை நின்றது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. லிப்ஸ்டிக் சரியில்லை என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தானே செய்கிறாய், இதை நீ அவரிடம் சொல்ல வேண்டாமா? பறக்க விடாமல் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். சில நாள் நிறுத்தினாலும் நிறுத்தட்டும், பயிற்சிக்கு மறுபடி அனுப்பினாலும் போ. ஒரு விமான ரகத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, பாதிக் கதவுகள் மட்டும் திறந்த நிலையில் அத்தனை பேரும் 90 விநாடியில் வெளியேற முடியும் என்று காட்டச் சொல்கிறார்கள். விநாடியை இப்படி எண்ணுகிற தொழிலில் "சில விநாடிதான்" என்று நீ எழுதியிருக்கிறாய். நர்ஸாக இருந்தவள் நீ, அதன் கனம் உனக்குத் தெரியாதா?

தெரியும். அதனால்தான் அதைத் தாண்டி ஓடினாய் என்று நினைக்கிறேன். அத்தை சொன்ன சொல் உன்னைக் குத்துகிறது, சரி. ஆனால் அந்தச் சொல்லை நீ விடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறாய். இது வெறும் சர்வர் வேலை, கப் வாங்குகிற வேலை, சேலத்துக்குப் போகிற சின்ன விமானம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சில விநாடியும் சின்னதாகிவிடுகிறது இல்லையா? காபி கப் வாங்க யாருக்குக் கை உறையும்? உன் வேலை எவ்வளவு பெரியது என்று உன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, பயந்தது அதற்குத்தான். இது எனக்கு முதல் வாசிப்பில் புரியவில்லை, மூன்றாவது தடவை அந்தக் கப்பிடம் வரும்போதுதான் பிடிபட்டது. அன்று நீ அழுதது அந்தக் கப்புக்காக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

விரல் சொடுக்குகிறவர்கள் செய்வது தப்புதான், அதில் இரண்டாவது கருத்து இல்லை. உள்ளே எரியும்போது முகத்தில் சிரிப்பை வைத்திருப்பதும் ஒரு உழைப்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்துதான் 1983இல் அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரே வைத்தார். அந்தக் களைப்பு நிஜம். ஆனால் அது தூங்கி எழுந்தால் கொஞ்சம் குறைகிற களைப்பு. மற்றது குறையாது.

உனக்குத் தெரியுமோ என்னவோ, உலகத்தின் முதல் விமானப் பணிப்பெண் எல்லன் சர்ச்சும் உன்னைப் போல ஒரு நர்ஸ்தான். 1930 மே 15ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தார். ஆரம்பத்தில் சேர்க்கப்பட்ட எட்டுப் பெண்களுமே நர்ஸ்கள். உன் ஏ.டி.ஆரை விடவும் சின்ன விமானம் அது. பறப்பதற்குப் பயந்த மக்களுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தால் தைரியமாக இருக்கும் என்றுதான் இந்தத் தொழிலே தொடங்கியது. நீ நர்சிங்கை விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறாய், எனக்கு அப்படித் தெரியவில்லை.

அப்பா விஷயத்தில் நான் அப்பா பக்கம். 28 வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு "கண்டக்டர்" என்ற சொல் எப்படி வசவாகும்? உனக்குத்தான் அது வசவாகப் பட்டது. கண்டக்டர் விசில் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுப்பாரா? படியில் கிழவி ஏறிவிட்டாளா, பின்னால் பிள்ளை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே உன் அப்பா ரைட் சொல்லியிருப்பார். நீயும் அதே மாதிரி வரிசை வரிசையாகப் பெல்ட்டைப் பார்த்து, பெட்டிக் கதவை அழுத்திப் பார்த்து, கேபின் ரெடி என்று சொன்ன பிறகுதான் கேப்டன் ஓடுபாதையில் வேகம் எடுக்கிறார். அன்று அவர் ஏன் சிரித்தார் என்று நீ கேட்டதே இல்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது கேள். பஸ்ஸில் யாராவது மயங்கி விழுந்தபோது அவர் என்ன செய்தார், எப்போதாவது கை வராமல் நின்றதுண்டா என்றும் கேள். 28 வருஷத்தில் ஒரு கதையாவது இருக்கும்.

பெரிய விமானத்துக்கு இன்டர்வியூ போவதில் தப்பில்லை, ஒரு வருஷம் கழித்துப் போ. இப்போது போனால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தது மாதிரி சென்னையிலிருந்து துபாய்க்குப் போவாய், இதே இரண்டு கையோடுதான். நர்சிங்குக்குத் திரும்புவதும் அப்படித்தான். அதற்கு முன்னால் சென்னையிலேயே ஒரு உளவியல் மருத்துவரைப் பார். பழைய சம்பவம் கனவில் வருகிறதா, அந்த மருத்துவமனை வாசனை அடித்தால் படபடப்பு வருகிறதா என்று அவர் கேட்பார், மறைக்காமல் சொல். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. உன் வயசில் வந்த பலர் தேறிப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் சீனியரிடம் பேசு. இந்த வார ரோஸ்டரில் அவரோடு எப்போது பறக்கிறாய் என்று பார், பறக்கும் நேரத்தில் வேண்டாம், இறங்கி வந்து ஒரு டீ குடிக்கும்போது சொல். பேசிய பிறகு எனக்கு எழுது. மதுரையைப் பற்றி எழுதலாம் என்று தோன்றினால், அதை முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
அம்மா