கேள்வி – பதில்: இரண்டு தள்ளு, ஒரு தட்டு

கேள்வி: சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் யார் பெரிய ஆள்? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: கனடாவின் பேட்ரிக் ஆண்டர்சன். 1979இல் பிறந்தவர். ஒன்பது வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் மோதியதில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. மறு வருஷமே இந்த ஆட்டத்துக்கு வந்துவிட்டார். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2012 லண்டன் என மூன்று பாராலிம்பிக் தங்கம், நடுவே 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. லண்டன் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவை 64-58 என்று கனடா ஜெயித்ததே, அந்த 64இல் 34 இவர் போட்டது!

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இவர் நாற்காலியைச் சாய்க்கும் அழகைத்தான். உடம்பை வாரால் நாற்காலியோடு இறுக்கிக் கட்டியிருப்பதால் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் நாற்காலியும் கூடவே எழும்பி ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும், பந்து மேலே உயர்ந்த கையில் இருக்கும். ஒரு சாண் உயரம் கூடக் கிடைத்தாலும் லாபம்தானே, கூடை அதே பத்தடியில்தான் இருக்கிறது, யாரும் இறக்கி வைக்கவில்லை.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே மட்டும் கால் இல்லாதவரும், இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாதவரும் ஒரே களத்தில் ஆடுவது நியாயமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நல்ல சந்தேகம். அதற்குத்தான் புள்ளிக் கணக்கு இருக்கிறது. உடம்பின் இயக்கத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை கொடுப்பார்கள் (அசைவு குறையக் குறையப் புள்ளியும் குறையும்), களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. ஆண்டர்சன் 4.5. அவரை இறக்கினால் மீதி நாலு பேருக்கு 9.5தான், இன்னொரு 4.5ஐயும் சேர்த்தால் மூன்று பேருக்கு வெறும் 5. ஆக, குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் கதை நடக்காது. அவரைக் கணக்குக்குச் சேர்த்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தன் நாற்காலியை எதிராளியின் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் எப்பேர்ப்பட்ட கொம்பனும் அங்கேயே நிற்க வேண்டியதுதான், சக்கரம் பக்கவாட்டில் நகராதே. அந்த இடைவெளியில்தான் நட்சத்திரம் உள்ளே புகுவார், கேமராவும் அவர் பின்னாலேயே போகும்.

கேள்வி: நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பந்தை எப்படித் தட்டுகிறார்கள்? (மாணவி, ஈரோடு)

பதில்: பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தள்ளு தள்ளலாம். மூன்றாவதுக்குள் தரையில் ஒரு தட்டு தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிராவலிங், அதாவது பந்தைத் தட்டாமல் நகர்ந்த தப்பு. தட்டி, மடியில் வைத்து, மறுபடி தட்டலாம். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்துவிட்டு மறுபடி தட்டினால் சாதாரணக் கூடைப்பந்தில் ‘டபுள் டிரிப்ளிங்’ என்பார்கள், அந்தத் தப்பே இங்கே கிடையாது.

கேள்வி: ஆண்டர்சன் ஓய்வு பெற்றுவிட்டாரா? (வாசகர், வேலூர்)

பதில்: லண்டனோடு போதும் என்று பாட்டுப் பக்கம் போனார். பெய்ஜிங்குக்குப் பிறகும் ஒருமுறை அப்படித்தான் போய்விட்டுத் திரும்பி வந்தார்! ரியோவில் ஆளைக் காணோம். அப்புறம் டோக்கியோவில் பார்த்தால் மறுபடி நாற்காலியில். 2024 பாரிஸிலும் ஆடினார், 45 வயதில். வெண்கலப் போட்டியில் ஜெர்மனியிடம் தோற்று கனடாவுக்கு நாலாவது இடம்.